மின்விசையால் நகரும் கதவு: பழுதும் பழுதுநீக்கமும்

மோட்டார் வண்டியின் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாக நகர்ந்து திறக்கும் கதவை நம் நாட்டினர் நன்கு அறிவர். 1984-இல் வெளிவந்து, பின்னர் ஆம்னி என்று பெயர் பெற்ற மாருதி வேன் இத்தகைய கதவை ஊர்தோறும் பழக்கப்படுத்தியது. அக்கதவு கையால் தள்ளப்படுவது. அதே கதவை ஒரு பொத்தானை அழுத்தியவுடன் தானே திறக்கவும் மூடவும் செய்யும் ஏற்பாடு 1990-களில் அமெரிக்காவின் குடும்ப வண்டிகளில் பரவத் தொடங்கியது. மினிவேன் என்று அங்கு வழங்கும் அவ்வண்டிகளில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் தாய்மாருக்கும், கையில் சுமையோடு வருவோர்க்கும் அது பெரும் வசதியாக அமைந்தது. 1999-ஆம் ஆண்டு மாதிரியான ஹோண்டா ஒடிசி வண்டியில் இரு பக்கமும் மின்விசைக் கதவு கிடைத்தது. நம் நாட்டில் 2020-இல் விற்பனைக்கு வந்த கியா கார்னிவல், டொயோட்டா வெல்ஃபயர் ஆகியவற்றின் மூலம் பலர் இதனை முதன்முதலாகக் கண்டனர்.

வசதி தரும் கருவி பழுதுபடுவதும் உண்டு. இக்கதவு நின்றுவிட்டால் பெரும்பாலோர் முதலில் கூறுவது, "மோட்டார் போய்விட்டது" என்பதே. மோட்டாரை மாற்றினால் கதவு சரியாகிவிடும் என்று நம்பிப் பணம் செலவிடுவோரும் உளர். உண்மையில் மோட்டார் கெடுவது குறைவு. கதவின் பாதையில் எங்கோ தடை ஏற்பட்டு, அத்தடையை உணர்ந்த யந்திரம் தானே நின்றுகொள்வதுதான் மிகுதி. ஆகவே இப்பழுதை ஆராய்வோர் மின்கம்பிகளைப் பிரிப்பதற்கு முன்னர் கதவைக் கையால் தள்ளிப் பார்த்தல் வேண்டும். இங்ஙனம் கூறுவதற்குக் காரணம் யாது என்பதை அறியக் கதவின் உள்ளமைப்பைச் சிறிது காண்போம்.

கதவை நகர்த்தும் பொறி

நகர்கதவு மூன்று தடங்களில் தொங்கியும் ஊன்றியும் செல்கிறது. மேல்தடம் கூரையின் ஓரத்திலும், கீழ்த்தடம் படிக்கட்டின் அருகிலும், நடுத்தடம் வண்டியின் பின்பக்கத் தகட்டின் வெளிப்புறத்திலும் அமைந்திருக்கும். ஒவ்வொரு தடத்திலும் கதவோடு இணைந்த சிறு உருளைகள் ஓடும். மூடும் தறுவாயில் கதவு உள்நோக்கி வளைந்து தன் இடத்தில் அமரவேண்டுமாதலால் தடங்களின் முன்முனை வளைந்திருக்கும். உருளைகள் மிகுந்த பாடுபடும் இடம் அவ்வளைவேயாகும்.

கதவை இழுப்பது பல வண்டிகளில் எஃகுக் கம்பிவடம். பின்பக்கத் தகட்டின் உட்புறத்தில் ஒரு மின்மோட்டார் வைக்கப்பட்டிருக்கும். அது திருகுப் பற்சக்கரத்தின் வழியாக ஒரு டிரம்மைச் சுழற்றும். டிரம்மிலிருந்து புறப்படும் வடம் நடுத்தடத்தின் இரு முனைகளிலும் உள்ள கப்பிகளைச் சுற்றிவந்து, நடு உருளையைத் தாங்கும் கையோடு இணையும். டிரம் ஒரு திசையில் சுழன்றால் ஒரு பக்க வடம் சுற்றிக்கொள்ள, மறுபக்க வடம் அவிழும், கதவு நகரும். கிணற்றில் நீரிறைக்கும் இராட்டினத்தைக் கண்டவர்க்கு இது புதிதன்று.

திருகுப் பற்சக்கரத்திற்கு ஒரு தன்மை உண்டு. திருகு சக்கரத்தை எளிதில் சுழற்றும். ஆனால் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பித் திருகைச் சுழற்ற முயன்றால் அது எளிதில் இசையாது. இதனால், மின்சாரம் இல்லாத வேளையில் கதவைக் கையால் திறப்பது மிகக் கடினமாகிவிடும். இதனைத் தவிர்க்கவே பல அமைப்புகளில் மோட்டாருக்கும் டிரம்முக்கும் இடையே ஒரு மின்காந்தக் கிளட்ச் வைத்துள்ளனர். மின்சாரம் பாயும்போது மட்டும் அது இரண்டையும் பிணைக்கும்; நின்றவுடன் விட்டுவிடும்.

எல்லா வண்டிகளும் ஒரே வகையல்ல. 2001-க்குப் பின்வந்த கிரைஸ்லர், டாட்ஜ் மினிவேன்களில் மோட்டார் கதவினுள்ளேயே இருந்தது. அங்கே வடத்திற்குப் பதிலாக வேறொரு தொல்லை தோன்றியது. கதவுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பிகள் கீழ்த்தடத்தின் வழியாக மடங்கி நிமிர்ந்து செல்லவேண்டும்; ஆயிரக்கணக்கான முறை வளைந்த செப்புக் கம்பி உறைக்குள்ளேயே ஒடிந்துபோகும். வெளியே பார்த்தால் உறை நன்றாகவே இருக்கும்!

தடையை யந்திரம் எங்ஙனம் அறிகிறது?

இக்கதவு கண்ணற்றது. ஆனால் அதற்கு ஒருவகைத் தொடுவுணர்ச்சி உண்டு. மோட்டாருடன் சேர்ந்து சுழலும் சிறு காந்தத்தின் அருகே ஓர் உணர்வி உள்ளது. காந்தம் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் உணர்வியில் ஒரு மின்துடிப்பு எழும். கட்டுப்பாட்டுப் பெட்டி அத்துடிப்புகளை எண்ணிக் கதவு எவ்விடத்தில் உள்ளது என்பதையும், துடிப்புகளின் இடைவெளியைக் கொண்டு அது எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்பதையும் அறிகிறது. குழந்தையின் கை இடையே அகப்பட்டால் வேகம் குறையும். உடனே பெட்டி கதவைத் திருப்பி அனுப்பும். கதவின் முன்விளிம்பில் அழுத்தத்தை உணரும் ரப்பர் பட்டையும் பல வண்டிகளில் உண்டு.

ஆனால் குழந்தையின் கையையும், தடத்தில் கிடக்கும் வேர்க்கடலைத் தோலையும் பெட்டியால் வேறுபடுத்தி அறிய இயலாது. இரண்டும் அதற்குத் தடையே. தேய்ந்த உருளை, வளைந்த தடம், உலர்ந்து ஒட்டும் ரப்பர், இறுகிய கப்பி ஆகியவையும் அவ்வாறே. கதவு சிறிது சென்று திரும்பிவிடுகிறது என்று குறைகூறும்போது, அது தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

தடை மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். இதன் காரணம் ஆசிரியர்கள் வகுப்பில் விளக்குவதற்கு மிகவும் ஏற்றது. சுழலும் மோட்டார் தானே ஒரு மின்னாக்கியாகவும் செயற்பட்டு, பாட்டரியின் மின்னழுத்தத்தை எதிர்க்கும் ஓர் எதிரழுத்தத்தை உண்டாக்குகிறது. கணக்குக்காக மோட்டார்ச் சுருளின் மின்தடை 0.4 ஓம் எனவும், பாட்டரி 12 வோல்ட் எனவும் கொள்வோம். மோட்டார் நன்கு சுழன்று 8.8 வோல்ட் எதிரழுத்தம் தருமாயின், மீதி 3.2 வோல்ட் மட்டுமே மின்னோட்டத்தைச் செலுத்தும். அது 8 ஆம்பியர். மோட்டாரை அசையவிடாமல் பிடித்துக்கொண்டால் எதிரழுத்தம் அறவே இல்லை, 12-ஐ 0.4-ஆல் வகுக்க 30 ஆம்பியர் வரும். பொம்மை வண்டியின் சிறு மோட்டார் ஒன்றையும் ஓர் அம்மீட்டரையும் டார்ச் மின்கலத்தோடு இணைத்து, மோட்டாரின் அச்சை விரலால் மெல்ல அழுத்தினால் அம்மீட்டரின் முள் ஏறுவதை மாணவர் கண்ணாரக் காணலாம். அச்சை நெடுநேரம் நிறுத்திப் பிடிக்கலாகாது, சுருள் சூடேறிவிடும்.

ஒரு தடை விளைத்த அபாயம்

மேற்கூறிய கணக்கு ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 2016-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் 2011 முதல் 2016 வரையிலான மாதிரிகளைச் சேர்ந்த சுமார் 7,44,000 சியன்னா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. காரணம் இந்நகர்கதவே. கதவு திறக்கும்போது ஏதேனும் தடை நேர்ந்தால் மோட்டார்ச் சுற்றில் மின்னோட்டம் மிகுந்து ப்யூஸ் எரிந்துவிடக்கூடும். தாழ் விடுபட்டிருக்கும் அக்கணத்தில் ப்யூஸ் எரிந்தால், தாழை மீண்டும் பூட்ட மின்சாரம் இராது. கதவு மூடியதுபோல் தோன்றினும் பூட்டப்படாமல் இருந்து, வண்டி ஓடும்போதே திறந்துவிடக்கூடும். ப்யூஸ் பெட்டியையும் மின்கம்பி அமைப்பையும் மாற்றுவதே அதற்குப் பரிகாரமாக அமைந்தது.

இந்நிகழ்ச்சியைக் கூர்ந்து நோக்குக. ப்யூஸ் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது. அது தன் வேலையையும் செய்தது. ஆயினும் எரிந்த தருணத்தில் தாழ் எந்நிலையில் இருந்தது என்பது வேறொரு கேள்வி. குளிர்நாடுகளில் அத்தடை உறைந்த பனியாக இருக்கலாம். நம் நாட்டில் அது மணலாகவும் புழுதியாகவும் இருக்கும்.

நகர்கதவின் தாழுக்கு இரு நிலைகள் உண்டு. முதலில் அரைத்தாழ், பிறகு முழுத்தாழ். மின்விசைக் கதவில், அரைத்தாழில் அகப்பட்ட கதவை முழுத்தாழுக்கு இழுத்து இறுக்குவதற்கு மற்றொரு சிறு மோட்டாரும் அமைந்திருக்கும். பழுதுபட்ட வண்டியில் ஏறுமுன் நோக்கவேண்டியது, கதவு தானே நகர்கிறதா என்பதை அன்று. முழுத்தாழ் விழுந்துள்ளதா என்பதையே. கதவின் பரப்பு வண்டியின் பக்கத் தகட்டோடு ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும். கருவிப் பலகையில் திறந்த கதவைக் குறிக்கும் விளக்கு அணைந்திருத்தல் வேண்டும். வெளியிலிருந்து உட்புறமாகத் தள்ளினால் கதவு மேலும் உள்ளே போகலாகாது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அக்கதவின் பக்கத்தில் குழந்தைகளை அமர்த்தி வண்டியைச் செலுத்துதல் தகாது.

அடிக்கடி எரியும் ப்யூஸுக்குப் பதிலாகப் பெரிய ப்யூஸைப் போடும் வழக்கம் சில பட்டறைகளில் உள்ளது. இது தலைவலிக்காரனின் வாயைப் பொத்துவது போன்றது. தடை இருந்த இடத்திலேயே இருக்கும். மிகுந்த மின்னோட்டம் கம்பியைச் சூடாக்கும். ப்யூஸுக்குப் பதிலாகக் கம்பியுறை எரியும்.

பழுதை ஆராயும் முறை

முதலில் பழுதல்லாதவற்றை நீக்குக. பல வண்டிகளில் மின்விசைக் கதவை முழுதும் நிறுத்திவைக்கும் தலைமைச் சுவிட்சு ஒன்று ஓட்டுநர் அருகே இருக்கும்; வண்டியைத் துடைக்கும்போது அது தவறி அழுத்தப்படுவதுண்டு. எண்ணெய் நிரப்பும் மூடி திறந்திருந்தால் அப்பக்கத்துக் கதவு நகராதபடி செய்த வண்டிகளும் உள்ளன. குழந்தைப் பூட்டு இடப்பட்டிருந்தால் உட்பிடி வேலை செய்யாது. பாட்டரி தளர்ந்திருந்தாலும் கதவு அசைய மறுக்கும். இவற்றைப் பார்க்காமல் உட்பலகையைக் கழற்றியவர் பின்னர் நாணுவர்.

அடுத்து வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தலைமைச் சுவிட்சை அணைத்து, கதவைக் கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லத் தள்ளுக. சமதரை என்பதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வடம் அறுந்த கதவைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. சரிவில் நிற்கும் வண்டியில் அது தன் எடையாலேயே ஓடிவந்து மோதும். கை என்னும் கருவி இங்கே விலையுயர்ந்த அளவுகோல்களுக்கும் மேலானது. கதவு எங்கே கனக்கிறது, எங்கே உரசுகிறது, எங்கே துள்ளுகிறது என்பதை அது உடனே கூறிவிடும். கருத்துடையோர் சுருள்வில் தராசு ஒன்றைப் பிடியில் மாட்டி இழுத்து, இரு பக்கக் கதவுகளின் அளவுகளையும் ஒப்பிடலாம். ஒரு பக்கம் நன்கு இயங்குமாயின் அதுவே நமக்குச் சரியான அளவு.

கதவு கனமாக இருப்பின் பழுது தடத்திலும் உருளையிலும் உள்ளது, மோட்டாரைத் தொடவேண்டா. கீழ்த்தடத்தில் நாணயம், பொம்மையின் கால், கூழாங்கல் முதலியன கிடைக்கும். தடத்தை உலர்ந்த தூரிகையால் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து உலரவிடுக. கெட்டியான கிரீஸை அள்ளிப் பூசுவது தவறு. புழுதி மிகுந்த நம் சாலைகளில் கிரீஸும் மணலும் கலந்து சாணைக்கல் போலாகி உருளையைத் தின்றுவிடும். வண்டியின் கையேடு கூறும் மெல்லிய பூச்சே போதுமானது. உருளை சுழலாமல் இழுபட்டுச் செல்லுமாயின் அதன் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருக்கும். அதை மாற்றிவிடுதலே முறை. கையால் தள்ளும் பழைய வேன்களுக்கும் நோய்வண்டிகளுக்கும் இப்பகுதி அப்படியே பொருந்தும்.

கதவு கையால் இலேசாக நகர்கிறது. பொத்தானை அழுத்தினால் உட்புறத்தில் மோட்டார் ஓடும் ஒலி கேட்கிறது. ஆயினும் கதவு நகரவில்லை. அங்ஙனமாயின் வடம் அறுந்திருக்கலாம், அல்லது கிளட்ச் பற்றாமல் இருக்கலாம். நடுத்தடத்தில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் வடத்தின் பிரிந்த நுனிகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும். ஒலியே இல்லையெனின் ப்யூஸையும், இணைப்புகளையும், மடங்கும் கம்பிகளையும் சோதிக்கவேண்டும். கம்பி உறைக்குள் ஒடிந்துள்ளதா என்பதை அறியக் கதவைச் சிறிது சிறிதாக நகர்த்திக்கொண்டே அளவுமானியைப் பார்ப்பது நலம். ஓரிடத்தில் இணைப்பு இருந்தும் மற்றோரிடத்தில் இல்லாமலும் போகும். கதவு முழுவதும் மூடிவந்து இறுதியில் மட்டும் திரும்பிவிடுமாயின், தாழையும் அது பற்றிக்கொள்ளும் முளையையும், ஓரத்து ரப்பரையும் நோக்குக.

வடம் ஏன் அறுகிறது?

வடத்தின் கதை தனிச் சுவையுடையது. ஜெர்மனியின் கிளவுஸ்தால் சுரங்கங்களில் இரும்புச் சங்கிலிகள் அடிக்கடி அறுந்து விழுந்தமையால், வில்ஹெல்ம் ஆல்பெர்ட் என்ற சுரங்க அதிகாரி 1834-இல் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடமாக்கிப் பயன்படுத்தினார். தலா 4 கம்பிகள் கொண்ட 3 புரிகளால் ஆனது அது. பல மெல்லிய கம்பிகள் சேர்ந்த வடம் ஒரே தடித்த கம்பியைவிட ஏன் நன்கு உழைக்கிறது? கப்பியின்மேல் வளையும்போது கம்பியின் வெளிப்புறம் நீள்கிறது. அந்நீட்சியின் விகிதம் ஏறக்குறைய, கம்பியின் விட்டத்தைக் கப்பியின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதாகும். 30 மில்லிமீட்டர்க் கப்பியில் 1.5 மில்லிமீட்டர்க் கம்பி வளைந்தால் நீட்சி 20-இல் ஒரு பங்கு. அக்கம்பி வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். 0.2 மில்லிமீட்டர் இழையாயின் 150-இல் ஒரு பங்கு மட்டுமே; அது மீண்டும் நிமிர்ந்துவிடும்.

ஆயினும் இது எண்ணற்ற முறை நிகழும்போது இழைகள் களைப்புற்று ஒவ்வொன்றாக அறும். முதலில் வடத்தின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை வெடிக்கும், நீரும் புழுதியும் உட்புகும், துரு ஏறும், அறுந்த இழை முள்போல் நீட்டிக் கப்பியில் சிக்கும். கப்பி சுழலாமல் இறுகிவிட்டால் வடம் அதன்மேல் உரசி இன்னும் விரைவில் அறும். ஆகவே புது வடம் இடும்போது கப்பிகளையும் விரலால் சுழற்றிப் பார்த்தல் இன்றியமையாதது. பழைய இறுகிய கப்பியில் புது வடத்தை ஏற்றுவது பணத்தை வீசுவதாகும்.

வடத்தை மாற்றும் வேலை பொறுமையை வேண்டுவது. பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே தொடங்குக. பக்கவாட்டுக் காற்றுப்பைகளின் கம்பிகள் இப்பகுதியிலேயே செல்வதால், முனையைக் கழற்றிய பின் கையேடு குறிக்கும் நேரம் வரை காத்திருத்தல் வேண்டும். உட்பலகைகளை நீக்கியதும், வடத்தை இறுக்கி நிற்கும் சுருள்வில்லின் விசையை முறைப்படி தளர்த்துக. திடீரென விடுபட்டால் அது விரலைக் கிழிக்கும். டிரம்மில் வடம் எத்திசையில் எத்தனை சுற்றுச் சுற்றியுள்ளது என்பதைப் பிரிப்பதற்கு முன் படம் எடுத்தோ வரைந்தோ வைத்துக்கொள்ளுதல் நன்று. அறுந்த இழைகள் ஊசிபோன்றவை; தடித்த தோலுறை அணிக. சில வண்டிகளுக்கு வடம் மட்டும் தனியே கிடைக்கிறது. சிலவற்றில் மோட்டார், டிரம், வடம் அனைத்தையும் ஒருசேர வாங்கவேண்டியுள்ளது. தனி வடம் கிடைக்குமாயின், நல்ல மோட்டாரைத் தூக்கியெறிவதற்குக் காரணம் இல்லை என்பது என் கருத்து.

செலவுக்கு வழியில்லாதவர்க்கு ஒரு மாற்று உண்டு. அறுந்த வடத்தை மிச்சமின்றி நீக்கி, தலைமைச் சுவிட்சை அணைத்து, கதவைக் கையால் தள்ளும் கதவாகவே வைத்துக்கொள்ளலாம். மின்விசை ஒரு வசதி. அஃதில்லாமலும் வண்டி ஓடும். ஆனால் இத்தள்ளுபடி தாழுக்குப் பொருந்தாது. தாழில் குறை உள்ள கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு செல்வது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

வேலை முடிந்தபின்

பாட்டரியை மீண்டும் இணைத்தவுடன் கதவு தன் நிலையை மறந்திருக்கக்கூடும். பல வண்டிகளில் கதவை ஒருமுறை கையால் முழுத்தாழ் விழும்வரை மூடினால், பெட்டி அவ்விடத்தைத் தொடக்கமாகக் கொண்டு துடிப்புகளை மீண்டும் எண்ணத் தொடங்கும். சில வண்டிகளுக்குப் பட்டறைக் கருவி தேவை. இதனைக் கையேடு கூறும்.

பிறகு கதவு தடையை உணர்ந்து திரும்புகிறதா என்பதைச் சோதித்தல் வேண்டும். இதனை எளிதாக எண்ணற்க. 2023-இல் அமெரிக்காவில் கியா நிறுவனம் 2022, 2023 மாதிரிகளைச் சேர்ந்த சுமார் 51,500 கார்னிவல் வண்டிகளைத் திரும்ப அழைத்து, மூடும் கதவில் அகப்பட்டோர் காயமுற்றமையால் கதவின் கட்டளை நிரலை மாற்றியது. அங்கே உடைந்த உறுப்பு எதுவும் இல்லை. கதவு எவ்வளவு விசையில் திரும்பவேண்டும் என்பதே கேள்வியாக இருந்தது. சோதனைக்குக் கையையோ காலையோ வைத்தல் கூடாது. சுருட்டிய தடித்த துண்டையோ, வெற்று அட்டைப் பெட்டியையோ கதவின் வழியில் முதலில் நடுவிலும், பிறகு மேலேயும் கீழேயும் பிடித்துப் பார்க்கலாம். ஒவ்வோரிடத்திலும் கதவு பெட்டியை நசுக்காமல் திரும்புதல் வேண்டும். திரும்பவில்லையெனின் தலைமைச் சுவிட்சை அணைத்துவிட்டு, தகுந்த பட்டறைக்குக் கொண்டுசெல்க.

புது வடம் முதல் சில நாட்களில் சிறிது நீண்டு தளர்வதுண்டு. ஒரு வாரம் கழித்து நடுத்தடத்தில் விளக்கைப் பிடித்து, வடம் கப்பியின் பள்ளத்தில் சரியாக அமர்ந்துள்ளதா என்று மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்க.